கூட வந்தவர் பேசுவார்

எனக்கு உட்கார வராது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். பெஞ்சில் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவள் தன் கையெழுத்து கோணலாகிறது என்று டீச்சரிடம் போய்ச் சொல்வாள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். அலுவலகத்தில் மேஜைமேல் இரண்டு அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் கணினியை வைத்து, நின்றபடியே வேலை செய்கிறேன். முதுகுவலி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட என் தலையில்தான் ஒரு ரோபோ மனிதர்களோடு எப்படிப் பேசிப் பழக வேண்டும் என்று வகுத்துக்கொடுக்கும் வேலை வந்து விழுந்தது.

எங்கள் கம்பெனி சின்னது. புதுச்சேரியில் துணிக்கடையும் பாத்திரக்கடையும் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில், பழைய வீட்டு மாடி. கீழே ஒரு பாய் கூல்பார் வைத்திருக்கிறார். அவர்கள் குடும்பம் அந்தத் தெருவில் வெகுகாலமாக ஏதாவது ஒரு வியாபாரம் செய்துவருகிறது. அவருக்குத் தெரியாமல் தெருவில் ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. மாடியில் நாங்கள் ஏழு பேர். முதலாளி பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் குடும்பத்துப் பிள்ளை. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, பிரான்சில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கொண்டால் பிரெஞ்சில் "உய்" என்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் தமிழில் பேசுவார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஆஸ்பத்திரிக்கான ஒரு ரோபோ. சக்கரத்தில் நகரும், என் மகள் உயரம் இருக்கும், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை, திரையில் இரண்டு கண்கள். வெளிநோயாளிகள் ஹாலில் நின்றுகொண்டு, வருகிறவரிடம் என்ன தொந்தரவு என்று கேட்டு, சரியான அறைவரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்கு அழகான பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. வண்டி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்.

வண்டியின் உடம்பு ஒருவர் பொறுப்பு. கண்ணும் காதும் இன்னும் இருவர் பொறுப்பு. இவையெல்லாம் யாருக்கு யார் அடங்கி நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. வீடு கட்டுமுன் வரைபடம் போடுகிற மாதிரி, நிரல் எழுதுமுன் போடுகிற வரைபடம். நான் அதை மூன்று அடுக்காகப் போட்டிருந்தேன். அடியில் அனிச்சை அடுக்கு: குறுக்கே ஆள் வந்தால் நில், படிக்கட்டு தெரிந்தால் பின்வாங்கு. அது யாரையும் கேட்காது, யோசிக்கவும் யோசிக்காது. உச்சியில் திட்டம் போடும் அடுக்கு: இவரை எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும், வழி இது என்று நிதானமாகக் கணக்குப் போடும். கூத்தெல்லாம் நடு அடுக்கில்தான். திரும்பிப் பார், வணக்கம் சொல், கேள்வி கேள், வழிவிடு என்று பதினைந்து சின்னச் சின்ன நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் விடாமல் கையைத் தூக்கி, எனக்குக் கழுத்தைக் கொடு, எனக்கு வாயைக் கொடு என்று கேட்கும். இருப்பதோ ஒரு கழுத்து, ஒரு வாய். யாருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய நடுவர் என்று ஒரு நிரல் எழுதியிருந்தேன். யாருக்கு அவசரம் அதிகமோ அவருக்குக் கொடு என்பதே நான் அதற்குச் சொல்லிக்கொடுத்த ஒரே நியாயம். எனக்குத் தெரிந்த நியாயமும் அதுதான்.

முதல் மாதம் வண்டி பேயாட்டம் ஆடியது. எதிரே இரண்டு பேர் நின்றால் போதும், இவர் முகத்தைப் பார்ப்பதா அவர் முகத்தைப் பார்ப்பதா என்று கழுத்து இப்படியும் அப்படியுமாக வெட்டி வெட்டித் திரும்பும். இவருக்கு வணக்கம் என்று தொடங்கி அவரிடம் முடிக்கும். மாடிக்கு ஏறிவந்து வேடிக்கை பார்த்த பாய், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களால் சிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வெள்ளோட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அந்தத் தடுமாற்றத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்துக்கு "கூட வந்தவர் விதி" என்று பெயர் வைத்தேன்.

முதலாளி வைத்திருந்த வெளிநாட்டு வரைவில் வண்டி நோயாளியோடு பேசும். நோயாளி ஒருவர், வண்டி ஒன்று, எதிரெதிரே நின்று நாகரிகமாகப் பேசிக்கொள்வார்கள். நான் சிரித்துவிட்டேன். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறவர் யார்? பெண்டாட்டி வருவாள், மச்சான் வருவார், மருமகள் வருவாள். ஃபைலும் மாத்திரையும் பழைய ஸ்கேனும் கூட வந்தவர் கையில் உள்ள பையில்தான் இருக்கும். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பார், பதில் பக்கத்து ஸ்டூலிலிருந்து வரும். நோயாளி வாயைத் திறந்தால், நீ சும்மா இரு, நான் சொல்கிறேன் என்று அமர்த்திவிடுவார்கள்.

"சார், இங்க பேஷண்ட் பேச மாட்டாரு. கூட வந்தவங்கதான் பேசுவாங்க" என்று முதலாளியிடம் சொன்னேன்.

விதி இதுதான்: எதிரே ஒன்றுக்கு மேற்பட்டவர் நின்றால், முதலில் ஒருவரைக் கேள். ஒன்றரை நொடிக்குள் சொல் வராவிட்டால் அடுத்த முகத்துக்குத் திரும்பு. யார் தடங்கலில்லாமல் பதில் சொல்கிறாரோ அவரே பேச்சாளர். அதன்பின் வண்டியின் கண், காது, கழுத்து மூன்றும் அவருக்கே சொந்தம். மற்றவரிடமிருந்து வரும் ஒலியைப் பின்னணிச் சத்தம் என்று குறித்துத் தள்ளிவிடு.

முதலாளி "உய்" என்றார். வண்டியின் ஆட்டம் அன்றே நின்றது. வெளிநாட்டுக்காரர் யாருக்கும் தோன்றாததை நம் ஊரைப் புரிந்துகொண்டு செய்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வார வெள்ளோட்டமும் வழுக்கிக்கொண்டு போயிற்று. வரிசை மளமளவென்று நகர்ந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகி முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்து மூன்று மாதம் வைத்துப் பார்க்கலாம் என்றும், அதற்குமுன் தானே ஒருமுறை நேரில் வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வயது. ஒரே பிள்ளை. திக்கித் திக்கிப் பேசுவாள். சில சொற்கள் தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். கழுத்து இறுகி, பார்வை ஒரு பக்கமாகப் போய், பிறகுதான் சொல் வெளியே வரும். வந்துவிட்டால் நன்றாகவே வரும். பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் எங்களுக்குச் சொன்னது கொஞ்சம்தான். அவள் முகத்தைப் பாருங்கள், முடிக்கிறவரைக்கும் காத்திருங்கள், நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். மகளுக்கு விதவிதமான பயிற்சிகள். எனக்கு இந்த ஒரே வீட்டுப்பாடம்.

என் கணவருக்கு அது பாடமே இல்லை. ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிற மனிதர். அவள் பேசத் தொடங்கினால் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். அவளும் அவரிடம் மாட்டி, நின்று, மறுபடி தொடங்கி, ஒரு முழுக் கதையைச் சொல்லி முடிப்பாள். அடுப்படியில் நின்று அதைக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். என்னிடம் வந்தால், "அம்மா, நா... நா..." என்பதற்குள், "நாளைக்கு நோட்டு வாங்கணுமா?" என்று முடித்துவிடுவேன். பாதிக்குமேல் நான் சொல்வது சரியாகவே இருக்கும். கெடுதலே அதில்தான் இருந்தது. தப்பாக இருந்திருந்தால் அவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

அவள் சண்டை போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கையைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், "ஒன்னுமில்ல" என்ற சொல்லை எடுத்து வைத்துக்கொண்டாள். அது மட்டும் அவளுக்கு மாட்டாமல் வரும். கடையிலோ பள்ளிக்கூடத்திலோ யாராவது அவளிடம் எதையாவது கேட்டால், அரை அடி பின்னால் நகர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் சொல்லிவிடுவேன். இந்தப் பெண் ஒருநாள் பேசுவதையே விட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்கு வேகம் இன்னும் கூடும். அந்த வேகத்தில் அவளுக்குப் பதிலாக இன்னும் அதிகமாகப் பேசினேன்.

சனிக்கிழமைகளில் அவள் என்னோடு அலுவலகத்துக்கு வருவாள். மாடியில் ஒரு மூலையில் படம் போட்டுக்கொண்டிருப்பாள். வண்டியை அவளுக்குப் பிடிக்கும். அதன் கண்ணுக்கு இமை மயிர் வரைந்து கொடுத்ததே அவள்தான். பதினொரு மணிக்குக் கீழே இறங்கி, பாயின் கூல்பாரில் ஒரு எலுமிச்சை சோடா, ஒரு ரோஸ் மில்க். சோடா எனக்கு, ரோஸ் மில்க் அவளுக்கு. உள்ளே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். நாங்கள் அதில் உட்கார்ந்ததில்லை. நின்றபடியே குடித்துவிட்டு மாடிக்கு ஓட வேண்டும் எனக்கு. அவள் எப்போதும் பாதி வைத்துவிடுவாள். சின்ன வயிறு, அவ்வளவுதான் கொள்ளும் என்று நினைத்துக்கொள்வேன்.

நிர்வாகி வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை ஒத்திகை வைத்தோம். நோயாளியும் கூட வந்தவருமாக இரண்டிரண்டு பேர் நடிக்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் மாற்றி மாற்றி நடித்து, எங்கள் குரல்கள் வண்டிக்குப் பழகிவிட்டன. புதுக்குரல் வேண்டும். மகளிடம், நீ நோயாளி, நான் கூட வந்தவள், வருகிறாயா என்று கேட்டேன். உடனே தலையாட்டினாள். கண் பார்க்கணும் என்று மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லிவைத்தேன்.

மாடிப்படியில் நின்று சுவரைப் பார்த்து அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். சுவரிடம் நன்றாகவே வந்தது.

வண்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. "வணக்கம். உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று அவளைப் பார்த்துக் கேட்டது. அவள் மூச்சை இழுத்தாள். "க..." என்றாள். வண்டியின் கண்கள் அவள்மேலேயே இருந்தன. "க... க..."

வண்டி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஒன்றரை நொடி ஆகியிருந்தது.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஒரு விநாடி யோசித்திருந்தால் நின்றிருப்பேன். "கண் பார்க்கணும்" என்று நான் சொன்னேன். அனிச்சையாக வந்துவிட்டது. நன்றி, என் பின்னால் வாருங்கள் என்றது வண்டி. சுவரில் 'கண் பிரிவு' என்று நாங்கள் ஒட்டியிருந்த தாளை நோக்கி உருண்டது. நானும் நாலடி அதன் பின்னால் போனேன். கையில் அட்டையோடு நின்ற சக ஊழியர் டிக் போட்டார். என் மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டாவது முறையாக வாயைத் திறந்திருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு திரும்பிப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அதுவும் உன்ன மாதிரியேம்மா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் எங்கேயும் மாட்டாமல் வந்தது. மாட்டியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு. அப்போதாவது நான் சும்மா இருந்தேனா? அது மெஷின்தான்டா, அதற்குள் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது, அதை மாற்றிவிடலாம், அம்மா மாற்றிவிடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து பாய் கடைப் பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய் வெள்ளோட்ட வாரத்தின் பதிவுகளைத் திறந்தேன். வண்டி தான் பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் வரி வரியாகக் குறித்து வைக்கும். முகங்கள் தெரியாது, பேச்சாளர் சொன்ன சொற்கள், மற்றவர் உதடு அசைந்ததா, ஒலி வந்ததா, யாருக்குக் கழுத்து கொடுக்கப்பட்டது என்பவை மட்டும் இருக்கும். நடந்து முடிந்த உரையாடல்களை அதுவரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நடக்காதவற்றைப் பார்த்ததில்லை. 'பேச்சுத் தொடக்கம்: கைவிடப்பட்டது' என்று ஒரு வகை வரி. அதைத் தனியாகப் பிரித்து எடுத்தேன். திரை நிரம்பி, கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

அதில் ஒரு ஜோடி. மனைவி மடமடவென்று சொல்கிறாள்: வைத்திக்குப்பம், கடலுக்குப் போகிறவர், முட்டிவலி, ஒரு மாசமாக. வண்டி அவர்களை எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறது. நாற்பது விநாடியில் வேலை முடிந்தது; நாங்கள் கொண்டாடிய மாதிரியான உரையாடல். அந்த நாற்பது விநாடிக்குள் கணவர் மூன்று தடவை வாயைத் திறந்திருக்கிறார். மூன்றாவது தடவை கொஞ்சம் ஒலிகூட வந்திருக்கிறது. பின்னணிச் சத்தம் என்று குறித்திருந்தது வண்டி. முட்டிவலி என்பதையே தன் வாயால் சொல்ல ஆசைப்பட்டிருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டில் இப்படி ஒரு பதிவு இருந்தால் அதில் எத்தனை வரி இருக்கும் என்று நினைத்தேன். அதன்பின் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எழுந்து கடற்கரைவரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். அந்த வாரம் நான்கு நாள் காலையில் மீன் வாங்கும் சாக்கில் வைத்திக்குப்பம் போனேன். இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே நின்று ஆண்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகமே தெரியாத ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே விலை பேசுகிற பெண்கள் என்னைவிட வேகமாகப் பேசினார்கள். மீனோடு வீட்டுக்கு வந்தேன். நாலாம் நாள் என் கணவர், "இன்னா ஆச்சு உனக்கு? ஃபிரிட்ஜ்ல வைக்க எடமில்ல" என்றார்.

விதியைத் தூக்கிவிட முடிவுசெய்தேன். தூக்கினால் பழைய பேயாட்டம் திரும்பும். ஒன்றரை நொடியைப் பத்து நொடி ஆக்கினாலும் போதாது. அந்தப் பத்து நொடியில் வண்டி என்ன செய்யும் என்பது சிக்கல். நடுவருக்குத் தெரிந்தது அவசரம் ஒன்றுதான். காத்திருக்கும் நேரத்தில் வேலையில்லாத பதினைந்து நிரல்களும் கையைத் தூக்கும். ஒன்று கண் சிமிட்டும், ஒன்று தலையாட்டும், ஒன்று அக்கறையாக, மறுபடி சொல்ல முடியுமா என்று கேட்கும். திக்குகிறவர் எதிரே தலையாட்டினால் அதுவும் சீக்கிரம் சொல் என்று விரட்டுவதுதான். இதை என் மகளின் முகத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததை அப்போதுதான் யோசித்தேன்.

அதனால் சும்மா இருப்பதையே ஒரு நிரலாக எழுத வேண்டியதாயிற்று. 'பொறு' என்று பெயர். எதிரே இருப்பவரின் உதடு அசைந்தாலோ, மூச்சு உள்ளே போனாலோ அது எழுந்து, கழுத்து, வாய், சக்கரம் மூன்றையும் தானே கேட்கும். வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாது. ஒன்றும் செய்யாத ஒரு நிரலுக்கு எல்லாவற்றையும்விட அதிக முன்னுரிமை கொடுத்து எழுதுவது இதுவே எனக்கு முதல் தடவை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று முதலில் கேட்டுக்கொள்ளும், அதன்பின் கேள்வி எப்போதும் அந்த நோயாளிக்கே. கூட வந்தவர் சொல்வதும் காதில் விழும், குறித்துக்கொள்ளப்படும், ஆனால் கண் நோயாளியைவிட்டு நகராது. பின்னணிச் சத்தம் என்ற வகையை மனிதக் குரலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தனியாக ஒரு வரி சேர்த்தேன்.

முதலாளி இதற்கு "உய்" சொல்லவில்லை. தமிழில் பேசினார். "ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் கூடினா மத்தியானத்துக்குள்ள ஹால் ரொம்பிடும். நின்னுனு இருக்கறவங்களும் நோயாளிங்கதானே?" என்று கேட்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. பேஷண்ட் பேச மாட்டார் என்று சொன்னதே நீங்கள்தானே என்று மட்டும் கேட்டுவிட்டு, நிர்வாகியின் வருகையை ஒரு மாதம் தள்ளிவைக்கிறேன், அதற்குள் காட்டுங்கள் என்று எழுந்து போனார். அதன்பின் அந்தக் கேள்வி எனக்குள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

புது வண்டியின் முன்னால் முதலில் நானே நோயாளியாக நின்று பார்த்தேன். என்ன தொந்தரவு என்று கேட்டது. நான் வேண்டுமென்றே வாயைத் திறந்து பேசாமல் நின்றேன். அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. தலையாட்டவில்லை, சிமிட்டவில்லை. நாலு விநாடிகூட என்னால் தாங்க முடியவில்லை. "ஏதாவது கேளேன்" என்று சிடுசிடுத்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். சோதனை தோல்வி என்று நானே அட்டையில் எழுதினேன். தோற்றது வண்டி இல்லை.

மகளை வந்து பார்க்கச் சொன்னேன். இந்தத் தடவை அது காத்திருக்கும், வா என்றேன். மறுபடியும் அட்டையில் டிக் போடுவீர்களா என்று கேட்டாள். அதைக் கேட்டு முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். போட மாட்டோம் என்றேன். அப்படியும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். சனிக்கிழமைகளில் அலுவலகம் வந்தாள், மூலையில் படம் போட்டாள், வண்டியின் பக்கம் போகவில்லை. அவள் என் சோதனைக்கு ஆள் இல்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆயிற்று. கூப்பிடுவதை நிறுத்தினேன்.

மாதக் கடைசியில் நிர்வாகி வந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்ல, ஆஸ்பத்திரியில் புது வண்டி இறங்கியது. வாழ்த்தும் மாலையுமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கூட வந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். "சொல்றது நானு, அது ஏன் அவரையே பாக்குது?" என்று ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். தங்களிடம் ஒரு கேள்வி நேராக வருவதே பழக்கமில்லாமல் சில நோயாளிகள் மிரண்டு, நீயே சொல்லேன் என்று பக்கத்தில் இருப்பவரை இடித்தார்கள். சிலர் பேசினார்கள். மெதுவாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, கையில் எண்ணிக்கொண்டு பேசினார்கள். முதலாளி பயந்தபடி வரிசை நீண்டது. அவர் பயந்த அளவுக்கு நீளவில்லை. நிர்வாகி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த ஹாலின் தூண்களுக்கு நடுவே கூண்டுக்குள் நடப்பதுபோல நடந்துகொண்டே இருந்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை. நிர்வாகி முதலாளியைக் கூப்பிட்டிருந்தார். பேசிவிட்டு உடனே போன் செய்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு மகளோடு கீழே இறங்கி, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கூல்பாரில் நின்றேன். பாய் எங்களைப் பார்த்ததும் ரோஸ் மில்க் பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றத் தொடங்கிவிட்டார். ஊற்றிக்கொண்டே, "இன்னா பாப்பா, எப்பவும் போலதானே?" என்று கேட்டார்.

அவள் அரை அடி பின்னால் நகரவில்லை. வாயைத் திறந்தாள்.

ஆமாம் பாய் என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதே நேரம் போன் அடித்தது. முதலாளி. உள்ளே பதினைந்து கையும் தூக்கிக்கொண்டு நின்றன. நான் வாயை மூடினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். தலையாட்டவில்லை.

"வே..." என்றாள். "வே... வே..." பாய் பாட்டிலை அந்தரத்தில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கூட வந்தவள் சொல்வாள் என்று பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. அவளுடைய கழுத்து இறுகியது, பார்வை ஒரு பக்கமாகப் போயிற்று, திரும்பி வந்தது.

"வேணாம் மாமா. எ... எனக்கு ரோஸ் மில்க் பு... புடிக்காது."

"எப்பலேர்ந்துடி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் மறுபடி வாயை மூடிக்கொண்டேன். அதற்கும் அவள் தன் நேரத்தை எடுத்துக்கொண்டாள்.

"எப்... எப்பவுமே."

நாலு வருஷமாகச் சனிக்கிழமைகளில் அவளுக்காக நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் சனிக்கிழமை அவளிடம் கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதாக நினைவில்லை. பாய் டம்ளரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். வேற இன்னா வேணும், நீ சொல்லு என்றேன் அவளிடம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, நான் எண்ணவில்லை.

"ஒன்னும் வேணாம். செ... செத்த நேரம் உக்... உக்காரலாமா?"

உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். போன் இன்னொரு தடவை அடித்தது. நான் அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். என் கால் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் ஏதோ சொல்லத் தொடங்கி, மாட்டி, நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். ஊற்றியதை வீணாக்க வேண்டாம் என்று பாய் ரோஸ் மில்க்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். அவள் பேசி முடிக்கும்வரைக்கும் வாய்க்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று நான் அதை எடுத்துக் குடித்தேன். தொண்டையைத் திகட்டுகிற தித்திப்பு. பாதிக்குமேல் என்னாலும் குடிக்க முடியவில்லை.